நம்பி இருப்பவர்கள் மூன்று பேர்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. பல்கலைக்கழகப் பட்டியலில் அது இரண்டு பிழையோடு ஏறிவிட்டது. திருத்தச் சொல்லி அவள் கொடுத்த மூன்று மனுக்களும் ஏதோ ஒரு இழுப்பறையில் நிம்மதியாகத் தூங்குகின்றன. அதனால் நாமும் அந்தப் பெயரைக் கிளற வேண்டாம். சலவைக்கடைக்கு மேல்மாடியில் அவளோடு குடியிருந்த பெண் அவளுக்கு ரசீது என்று பெயர் வைத்தாள், அதுவே நிலைத்தது. பேருந்துச் சீட்டு, பால் வாங்கிய துண்டுச்சீட்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பியதற்கு வங்கி கொடுத்த தாள் என்று எதையும் எறிய மாட்டாள். எல்லாம் மாதவாரியாக ரப்பர் பட்டை போட்டு ஒரு தகர டப்பாவில் இருக்கும். "உன்னைப் புதைச்சாக்கூட எழுந்து உக்காந்து பில் கேப்ப" என்பாள் கூட இருந்தவள்.

அந்தக் கூட இருந்தவளுக்குப் பெயர் அவசரம். இது ரசீது வைத்த பெயர், பழிக்குப் பழி. எந்நேரமும் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருப்பாள், எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

ரசீது படித்தது மண்ணை. சிரிக்காதீர்கள், மண்ணைப் படிக்க ஐந்து வருஷம் ஆகும். வயல்களிலிருந்து பையில் கட்டி வரும் மண்ணை உலர்த்தி, சல்லடையில் சலித்து, எடை போட்டு, அமிலத்தில் கரைத்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாலையானால் சல்லடைகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்துக் கண்கண்ணாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். நாலு வருஷம் முடிந்திருந்தது, இன்னும் ஒரு வருஷம் பாக்கி. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் இளநிலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்தாள். சம்பளம் அதற்குத்தான். வெளிநாட்டு மாணவர்கள் அதற்குமேல் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் அத்தனையும் வீட்டுக்குப் போய்விடும்.

வீட்டில் அப்பா, அம்மா, டிப்ளமோ படிக்கும் தம்பி. அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறவர், சொந்த வேன். வாரத்துக்கு ஒரு நாள் பேசுவார். "இப்பதான் லோடு இறக்கிட்டு வந்து உக்காந்தேன் பாப்பா. வெயிலு மண்டையைப் பிளக்குது" என்று ஆரம்பித்து, எந்தச் சாலையில் எங்கே பள்ளம் என்பது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் வைப்பார். அவள் அனுப்பும் பணத்தைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார். அம்மா கணக்குக்குப் போகும், அம்மா எடுப்பாள், அப்பாவுக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். யாராவது விசாரித்தால், "பொண்ணு வெளிநாட்டுல படிக்குது, செலவெல்லாம் நாமதான் பார்த்துக்கறோம்" என்பார். அம்மா அப்போது சமையலறைப் பக்கம் நகர்ந்துவிடுவாளாம். மனிதருக்கு அப்படி ஒரு வீம்பு. அந்த வீம்பில் பாதி மகளுக்கும் வந்திருந்தது, அது வேறு விஷயம்.

இனி வருமான வரிக்கு வருவோம். அந்த நாட்டில் சம்பளம் வாங்குகிற மாணவர்களும் வருஷத்துக்கொரு முறை ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் வரியைப் பிடித்துவிடுவார்கள். வருஷக் கடைசியில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். முதல் சில வருஷம் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார். போன வருஷம் அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். என்ன பெரிய கம்பசூத்திரமா என்று ரசீது தானே உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் மூன்று பக்கங்களை ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் முடித்தாள்.

நாலாவது பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் வருமானத்தை நம்பி வாழ்பவர்கள் எத்தனை பேர்?

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அடிக்குறிப்பை இரண்டு தரம் படித்தவள், இதற்குப் படிக்கவே இல்லை. இதில் படிக்க என்ன இருக்கிறது? மூன்று என்று எழுதினாள். அப்பா, அம்மா, தம்பி. பெயர், பிறந்த தேதி, உறவுமுறை எல்லாம் அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள். தன்னை நம்பி வீட்டில் எத்தனை பேர் என்பது நம் பிள்ளைகளுக்கு விரல் விட்டு எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில், "இந்நாட்டில், உங்களோடு ஒரே கூரையின் கீழ் வசிப்பவர்கள் மட்டும்" என்று இருந்தது.

மூன்று பேருக்கான சலுகையும் சேர்ந்து நல்ல தொகையாகத் திரும்பி வந்தது. அவளும், சர்க்காருக்கு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு, அதைத் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு அனுப்பிவிட்டாள்.

வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கீழே சலவை இயந்திரங்கள் சுற்றும்போது மேலே தரை லேசாக அதிரும். அன்றைக்கு அது அதிர்ந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதிய மூன்று பேர் இந்த நாட்டில் வசிப்பதாகப் பதிவு எதுவும் இல்லை. நீங்கள் பெற்ற சலுகை தவறானது. முப்பது நாளுக்குள் நேரில் விளக்கம் தர வேண்டும். தெரிந்தே பொய்யாக எழுதியது என்று முடிவானால் அபராதமும் உண்டு, பெயரும் குற்றப் பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் பெயர் ஏறியவர்களுக்கு விசா நீட்டிக்கப்படாது. அவளுடைய விசா இரண்டு மாதத்தில் முடிய இருந்தது.

நாலு வருஷம் சலித்த மண், பாதி எழுதிய ஆய்வேடு, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதானா?

அவசரம் நோட்டீஸை வாங்கிப் படித்தாள். "இதுக்குப் போய் ஏன் இப்படி முழிக்கிற? படிவம் எனக்குப் புரியலை, வேற யாரோதான் எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்லிடு."

"கையெழுத்து என்னோடதுடி."

"அப்போ பாஷை தெரியலைன்னு சொல்லு."

"இந்த பாஷையிலதான் நான் நாலு வருஷமா பாடம் நடத்தறேன்."

அவசரம் கொஞ்சம் யோசித்தாள். யோசிப்பது அவளுக்கு வழக்கம் இல்லாத வேலை.

"அது சரி, நீ அந்த இடத்துல எத்தனை பேர்னு எழுதின?" என்று கேட்டாள் ரசீது. "உனக்கு ஏன் நோட்டீஸ் வரலை?"

"நான் எங்கே எழுதினேன்? நான்தான் ரிட்டர்னே போடலையே."

"எந்த வருஷம்?"

"எந்த வருஷமும்."

ரசீதுக்குத் தன் கவலை ஒரு நிமிஷம் மறந்தே போய்விட்டது. படபடவென்று திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்ததும் அழுகை வந்தது. அவசரம் பாவம், எங்கேயோ கிளம்பியவள் செருப்பைக் கழற்றிவிட்டு அன்று முழுக்க வீட்டிலேயே இருந்தாள்.

மறுநாள் காலை தகர டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரசீது வரி அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாவது மாடி. சுவரோரமாக வரிசையாக நாற்காலிகள், எண் அச்சடித்த சீட்டு தரும் ஒரு பெட்டி, பச்சை விளக்கில் ஓடும் எண். இரண்டு மணி நேரம் கழித்து அவள் எண் வந்தது. ஏழாவது மேஜையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி. வெட்டியாக ஒரு புன்னகையைக்கூடச் செலவழிக்காத முகம். அவர் பேசியது அந்த நாட்டு மொழி, நாம் நம் மொழியில் கேட்டுக்கொள்வோம்.

"இந்த மூணு பேர் எங்கே இருக்காங்க?"

"எங்க வீட்டுல. எங்க நாட்டுல."

"பொடி எழுத்தைப் படிக்கலையா?"

"படிக்கலை மேடம். கேள்வி எனக்குத் தெளிவாப் புரிஞ்சுதுன்னு நினைச்சிட்டேன்."

அதிகாரி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். ரசீது டப்பாவைத் திறந்து மேஜை மேல் வைத்தாள். நாலு வருஷத்துப் பணம் அனுப்பிய தாள்கள், ஒரு மாதம் விடாமல். அதிகாரி ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. இருபது வருஷமாகக் கசங்கிய காகிதத்தையே பார்த்துப் பழகியவருக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் வாய் அதைச் சொல்லவில்லை.

"நீ பணம் அனுப்பினேங்கிறதுக்கு இது சாட்சி. அவங்க அதை வச்சுத்தான் வாழறாங்கங்கிறதுக்கு இல்லை. நீ அங்கே நிலம் வாங்கிப் போட்டிருக்கலாம்."

"நிலமா! நான் சல்லடையிலதான் மேடம் மண்ணைப் பார்த்திருக்கேன்."

"அதை எழுத்துல கொண்டு வா. நீ ஏன் அப்படி எழுதினேன்னு இப்பவே ஒரு விளக்கம் எழுதிக் குடு. அப்புறம் குடும்பத் தலைவர் கைப்பட ஒரு கடிதம் வேணும். எங்க வருமானம் இவ்வளவு, மகள் அனுப்பற பணத்தை நம்பித்தான் இருக்கோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரிஜினலா வரணும். அது சரியா இருந்தா, இதைப் புரியாம செஞ்ச தப்புன்னு எழுதி முடிச்சிடலாம். வாங்கின சலுகையைத் திருப்பிக் கட்டினாப் போதும்."

"கடிதம் வரலைன்னா?"

"தெரிஞ்சே செஞ்சதுன்னு ஆயிடும்" என்றார் அதிகாரி. அவர் குண்டைத் தூக்கிப் போட்டதுகூடத் தபால் முத்திரை குத்துகிற குரலில்தான்.

ரசீது அங்கேயே உட்கார்ந்து விளக்கத்தை எழுதினாள். தந்தை சரக்கு வேன் ஓட்டுநர், வருமானம் குறைவு, வீட்டுச் செலவுக்கும் தம்பி படிப்புக்கும் நான் உதவுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பாவிடம் போய் இதைக் கேட்க வேண்டும். 'மகளை நம்பித்தான் வாழ்கிறேன்' என்று அப்பா தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு அயல்நாட்டுச் சர்க்காருக்கு.

மூன்று நாள் ஒத்திப்போட்டாள். நாலாம் நாள் காலை, வேறு வழியில்லாமல் கூப்பிட்டாள். அப்பா வழக்கம்போல லோடு, வெயில், டீசல் விலை என்று ஆரம்பித்தார். அவள் மென்று முழுங்கி ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"அப்பா? இருக்கீங்களா?"

"உன்னை நம்பி இருக்கிறவங்கன்னு என் பேரை எழுதினியா?"

"நீங்க மட்டும் இல்லப்பா. அம்மா, தம்பி..."

"முதல்ல என் பேரு?"

முதலில் அவர் பெயர்தான்.

"நான் இன்னும் உக்காந்து சாப்பிடற நிலைமைக்கு வரலை" என்றார் அப்பா. தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனது கேட்டது.

அம்மா தணிந்த குரலில், "அவரு மனசு சரியில்லடி, நீ ஒண்ணும் நினைச்சுக்காதே, நான் சொல்லிப் பார்க்கறேன்" என்றாள். அம்மா எதையோ மேலே சொல்ல வந்து விழுங்கியது போலவும் இருந்தது. ரசீது அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அப்பாவைக் கேவலப்படுத்திவிட்டோம் என்ற ஒன்றுதான் அவளுக்கு மண்டைக்குள் ஓடியது. தப்பு செய்தது தான், தலைகுனிவு அப்பாவுக்கா? படிப்பும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், பேசாமல் ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஆய்வுக்கூடத்தில் ஒரே சல்லடையை அரை மணி நேரம் தேய்த்தாள். கூட இருந்த மாணவன் வந்து, "அது ஓட்டையாகிடும் அக்கா" என்று வாங்கி வைத்தான்.

அதற்குப் பிறகு அந்த வாரமும் அப்பா பேசவில்லை, அடுத்த வாரமும் பேசவில்லை. நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. இருபத்து நாலாம் நாள் கூரியர்காரன் கதவைத் தட்டினான்.

பழுப்பு நிற உறை. நாலு பக்கமும் பசை தடவி, அதற்குமேல் ஒட்டும் நாடாவும் சுற்றி அப்பா அதைப் பூட்டாத குறையாக மூடியிருந்தார். மேலே, "வரி அதிகாரி அவர்கள் பார்வைக்கு மட்டும்" என்று பெரிய பெரிய எழுத்து. அம்மா தொலைபேசியில் சொன்னாள். "நீ பிரிக்கக் கூடாதாம். அது சர்க்காருக்கு எழுதின கடுதாசியாம், உனக்கு இல்லையாம். என்கிட்டகூடக் காட்டலை."

"பிரிச்சுப் படிச்சுட்டு வேற உறையில போட்டு ஒட்டிடு" என்றாள் அவசரம். "உள்ளே மனுஷன் கோவத்துல என்ன எழுதியிருக்காரோ! நான் யாரையும் நம்பி இல்லைன்னு எழுதியிருந்தா நீ அங்கே போய் நின்னு திருதிருன்னு முழிக்கணும்."

அந்தப் பயம் ரசீதுக்கும் இல்லாமல் இல்லை. உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அப்பா பிரிக்காதே என்று சொன்னதைப் பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை. படிக்கிற காலத்தில் மதிப்பெண் பட்டியலில்கூட அப்பா கையெழுத்தைப் போலப் போட்டறியாதவள் அவள்.

இருபத்தாறாம் நாள் மீண்டும் ஏழாவது மேஜை. அதிகாரி கத்தரிக்கோலால் உறையின் ஓரத்தை நறுக்கி, ஒற்றைத் தாளை எடுத்துப் பிரித்தார். இரண்டு பக்கமும் தமிழ். அப்பாவுக்குத் தெரிந்த மொழி அது ஒன்றுதானே. அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொழிபெயர்ப்பாளர் அடுத்த வாரம்தான் வருவார். அதுக்குள்ள உன் முப்பது நாள் முடிஞ்சிடும். ஒண்ணு செய்யலாம். நீ படிச்சுச் சொல்லு, நான் எழுதிக்கறேன். அவர் வந்து சரிபார்க்கட்டும். ஒரு வார்த்தை மாத்திச் சொன்னாலும் தெரிஞ்சிடும், ஞாபகம் வச்சுக்கோ."

ரசீது தாளை வாங்கினாள். எழுத்தெல்லாம் கட்டை விரல் அளவுக்குப் பெரிதாக இருந்தது. வரிகள் மேலே ஏறியும் கீழே சரிந்தும் ஓடின, இரண்டு இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. கோபத்தில் கிறுக்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு வரி படிப்பதும், அதை அந்த நாட்டு மொழியில் சொல்வதுமாக ஆரம்பித்தாள்.

"ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு வணக்கம். என் மகள் உங்கள் படிவத்தில் எங்கள் மூன்று பேரையும் எழுதியதாகச் சொன்னாள். உங்கள் சட்டம் எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நான் முப்பத்தோரு வருஷம் வேன் ஓட்டினேன்."

அதிகாரியின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. ரசீது அடுத்த வரியை மனதுக்குள் படித்தாள்.

"என்ன? மேலே சொல்லு."

அவள் மறுபடி படித்தாள். வரி மாறவில்லை. முன்பு அவளே கைப்பட எழுதிக் கொடுத்த விளக்கம் அதிகாரியின் கோப்பில் மேலாகவே இருந்தது. தந்தை சரக்கு வேன் ஓட்டுநர். அதற்கும் இந்த வரிக்கும் ஒத்துப்போகாது. ஏற்கெனவே ஒரு பொய் எழுதியதாகச் சந்தேகப்பட்டு உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள், இது இரண்டாவது பொய்யாகிவிடும். கொஞ்சம் மழுப்பிச் சொல்லலாமா? 'இப்போது வேலை குறைவு' என்று சொன்னால் பாதி உண்மைதானே? அப்பா கோணல்மாணலாக, ஒவ்வொரு எழுத்தாகத் தடவி எழுதியிருக்கிறார். அதை மழுப்பவா?

"போன வருஷம் கண் பரிசோதனையில் தேறாததால் எனக்கு லைசென்சைப் புதுப்பித்துத் தரவில்லை" என்று ரசீது சொன்னாள். "வேனை விற்று எட்டு மாதம் ஆகிறது."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். கோப்பைப் புரட்டி அவளுடைய விளக்கத்தை எடுத்தார். "நீ வேன் ஓட்டுநர்னு எழுதியிருக்க."

"ஆமா மேடம். எனக்குத் தெரியாது. போன மாசம்கூட லோடு இறக்கிட்டு வந்தேன்னு சொன்னாரு. டீசல் விலை ஏறிடுச்சுன்னு சொன்னாரு. எனக்கு இப்பதான் தெரியும், இதோ இந்த நிமிஷம்."

அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மிச்சத்தையும் சொல்லு" என்றார்.

"வேன் விற்ற பணம் கடன் அடைக்கச் சரியாகப் போயிற்று. அன்று முதல் நாங்கள் சாப்பிடுவது, வாடகை கொடுப்பது, மகனைப் படிக்க வைப்பது எல்லாம் மகள் அனுப்பும் பணத்தில்தான். வேறு வருமானம் ஒரு காசு இல்லை. ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்று டாக்டர் சொல்கிறார். மகனுக்கு இந்த வருஷக் கட்டணம் கட்டி முடித்த பிறகு செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். என் மகள் எழுதிய எண்ணிக்கையில் பொய் இல்லை. உங்கள் சட்டப்படி அது தப்பு என்றால் கட்ட வேண்டியதை அவள் கட்டிவிடுவாள், அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். அவள் படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்."

இவ்வளவையும் அவள் எப்படிச் சொல்லி முடித்தாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். கண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் ஒரு வார்த்தை விடவில்லை, ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அதிகாரி கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும் எழுதிக்கொண்டு தாளை எட்டிப் பார்த்தார்.

"கையெழுத்துக்கு மேலே இன்னும் ஒரு வரி இருக்கே?"

"இருக்கு மேடம்."

"அதையும் சொல்லணும்."

ரசீது மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மேலே எழுதியது எதையும் தயவுசெய்து என் மகளுக்குச் சொல்ல வேண்டாம்."

அதிகாரி அந்த வரியையும் எழுதினார். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பச்சை விளக்கில் அடுத்த எண் வந்தது. வரிசையில் இருந்தவர் எழுந்து வர, அதிகாரி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

பிறகு ரசீதின் பழைய விளக்கத்தை அவள் பக்கம் தள்ளினார். "வேன் ஓட்டுநர்ங்கிறதை அடிச்சுட்டு, இப்போ தெரிஞ்சதை எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போடு." அவள் போட்டாள். அவர் ஒரு முத்திரை குத்தினார், இன்னொரு தாளில் இரண்டு வரி எழுதி இன்னொரு முத்திரை குத்தினார். "புரியாம செஞ்ச தப்பு. அபராதம் இல்லை. பதிவேட்டுல பேர் ஏறாது. வாங்கின சலுகையைப் பத்துத் தவணையா கட்டு. விசாவுக்கு இந்தத் தாளைக் காட்டினாப் போதும்."

"மொழிபெயர்ப்பாளர் சரிபார்க்கணுமே?"

"பார்ப்பார்" என்றார் அதிகாரி. "நீ சரியாத்தான் சொல்லியிருப்ப. யாரும் இப்படி ஒரு வரியைச் சொந்தமா சேர்க்க மாட்டாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அடுத்த தடவை பொடி எழுத்தைப் படி" என்றும் சொன்னார்.

கீழே இறங்கி வந்து வாசல் படியில் உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்திருந்தது. விசா கிடைக்கும், ஆய்வேட்டை முடிக்கலாம். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயிருந்தே வீட்டைக் கூப்பிட்டாள். பொல்லாத நேரம், அப்பாவே எடுத்தார்.

"கடுதாசி போய்ச் சேர்ந்துச்சா பாப்பா?"

"சேர்ந்துச்சு. என் பேர்ல தப்பில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. படிப்பை முடிக்கலாம்."

அப்பா மூச்சு விட்ட சத்தம் நன்றாகக் கேட்டது. "நல்ல சர்க்காரு" என்றார். "யாரு படிச்சாங்க?"

"நான்தான்ப்பா படிச்சேன். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவங்க முன்னாடி உக்காந்து சத்தமா படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"கடைசி வரி வரைக்கும்."

"அடடா" என்றார் அப்பா.

"எட்டு மாசம்! எட்டு மாசமா என்கிட்ட லோடு இறக்கினீங்க! எந்த ரோட்டுல பள்ளம்னு வேற சொன்னீங்களே, அந்தப் பள்ளத்தை யாருப்பா பார்த்தா? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நீ படிப்பை விட்டுட்டுக் கிளம்பி வந்திருப்ப."

"ஆமா, வந்திருப்பேன்."

"அதான்" என்றார் அப்பா.

தெருவில் போகிறவர்கள் படியில் உட்கார்ந்து அழுகிற பெண்ணை ஒதுங்கி நடந்து போனார்கள். அழுது முடித்து, முகத்தைத் துப்பட்டாவில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டணத்தை நான் பார்த்துக்கறேன். நீங்க நாளைக்குக் காலையில தம்பியைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்டப் போறீங்க. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கறீங்க. இந்த மாசமே."

"அதெல்லாம் மெதுவா பார்த்துக்கலாம் பாப்பா. இப்ப என்ன அவசரம்?"

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். மகளை நம்பித்தான் இருக்கேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன்."

"முத்திரை குத்தி கோப்புல வச்சுட்டாங்க. இனிமே மாத்த முடியாது. நம்பி இருக்கிறவர் சொன்ன பேச்சைக் கேக்கணும்."

அப்பா சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சிரிப்பு, பிறகு அடக்க முடியாமல் பெரிதாக. இந்த எட்டு மாதத்தில் அவர் சொன்ன எந்த லோடு கதையிலும் அப்படி ஒரு சிரிப்பை அவள் கேட்டதில்லை. சிரித்து முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்பக்கம் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்தா, அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே வச்ச? எடுத்து வை. நாளைக்குப் போகணுமாம், பாப்பா சொல்லுது."